ஏழு மில்லிமீட்டர்

ஓசூரிலிருந்து பஸ் ஏறி வந்த பசவராஜ்
பர்கூரில் இறங்கி போன் போட்டான்:
"அண்ணா, அந்த ஸ்கூபா சாமான்…"
பக்கத்தில் யாரோ சிரித்தது எனக்கும் கேட்டது.

மாங்கூழ் டின் வந்த அட்டைப்பெட்டி மூன்றில்
கட்டிலுக்கடியில் கிடந்தது என் கடல்.
இழுத்தேன். ஒரு துடுப்புதான் வந்தது.
இன்னொன்று மாடியில்.
மிளகாய் காயும்போது கோழி விரட்ட
கலைவாணிக்கு அதுதான் வாகு.

"சைஸ் எட்டு. என் கால் ஒன்பது.
நாற்பது சதம் தள்ளுபடி என்றார்கள்.
தள்ளுபடிக்குக் கால் சுருங்கும் என்று
அன்றைக்கு நம்பினேன்."
பசவராஜ் சிரிக்கவில்லை.
நோட்டில் எழுதிக்கொண்டான்.

அடுத்தது உடை. ஏழு மில்லிமீட்டர் கனம்.
குவாரித் தண்ணி ஜில்லென்று இருக்குமே.
மாட்டுவதற்கு முக்கால் மணி நேரம்,
ஜெகதேவிப் பாறை மேல், மே மாத வெயிலில்.
குதித்தால் தக்கை மாதிரி மேலே வந்தேன்.
ஆடு மேய்த்த பையன்கள் கைதட்டினார்கள்.
மிதக்கிறதே என்று ஈயம் வாங்கினேன்.
ஈயம் இழுக்கிறதே என்று
காற்றடைக்கிற சட்டை வாங்கினேன், பன்னிரண்டு பை.
பன்னிரண்டிலும் போட என்னிடம் இருந்தது
பைக் சாவி ஒன்று.
அதை நனைக்கவும் கூடாது.
இப்படித்தான் தம்பி,
ஒவ்வொரு தப்பும்
முந்தின தப்புக்கு உதிரி பாகம்.

கத்தி, கணுக்காலில் கட்டுவது.
இதுவரை அறுத்தது ஒரு பலாப்பழம்.

சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அசேன் பாய் வெல்டிங் கடைக்குப் போனேன்.
"ஆக்ஸிஜனா, ஆர்கானா?"
"காத்து பாய். வெறும் காத்து."
"அதுக்குப் பஞ்சர் கடைக்குப் போ."
பாண்டிச்சேரி வரை முழங்காலுக்கிடையில் வைத்துப் போய்
நிரப்பி வந்தேன்.
கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போட்டார்.
காற்றுக்கு டிக்கெட் எடுத்தவன்
இந்த ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

"உள்ள போனீங்களா, அண்ணா?"

போனேன். ஒரே தடவை. இருபத்திரண்டு நிமிஷம்.

லீஸ் முடிந்து மோட்டாரை நிறுத்தி
ஒன்பது வருஷமாக ஊறி நின்ற தண்ணி.
பச்சை, கரும்பச்சை, அப்புறம் நிறமே இல்லை.
ட்ரில் போட்ட பாதிக் குழாய்கள் சுவர் முழுக்க,
விரல் வைத்து எண்ணிக்கொண்டே இறங்கினேன்.
டார்ச் அடித்தேன்.
சிவப்புப் பெயின்ட்.
நூற்றுப்பதினேழு.
குறுக்கே ஒரு பெருக்கல் குறி.
என் கையெழுத்து.

நான்தான் அங்கே மார்க்கர்.
விரிசல் இருந்தால் பெருக்கல்.
பெருக்கல் விழுந்த கல்லுக்குக் கூலி இல்லை:
அந்தக் கல்லுக்கு
மாதப்பன், அவன் மச்சான், பதினோரு நாள்.
மாதப்பன் ஒன்றும் கேட்கவில்லை.
கம்ப்ரஸர் குழாயைச் சுருட்டிக்கொண்டே இருந்தான்,
சுருட்டி முடித்த பிறகும்.

கையுறையைக் கழற்றிவிட்டுத் தடவினேன்.
மேல், பக்கம், அடிவிளிம்பு வரை.
வழுவழுவென்று பாசி. பாசிக்குக் கீழே கல்.
விரிசல் கிடைக்கவில்லை.
அன்றைக்கு ஷிப்ட் முடிய எவ்வளவு நேரம் இருந்தது
என்று யோசித்துப் பார்த்தேன்.
பனி பிடிக்காது என்று விற்ற முகமூடி,
இரண்டாயிரத்து எண்ணூறு,
பனி பிடித்துவிட்டது.

இதையெல்லாம் பசவராஜிடம் சொல்லவில்லை.
"இருட்டுதான், ஒண்ணுமில்ல" என்றேன்.

பாதி விலைக்கும் கீழே.
உடை, சட்டை, கத்தி, கால் சேராத துடுப்பு,
எல்லாவற்றையும் மறுபடி கட்டினான்.
எட்டு சைஸ் அவனுக்குச் சரியாக இருந்தது.
"டார்ச்ன்னு போட்டிருந்தீங்களே?"
"எரியாது" என்றேன்.

வாங்கியதில்
கடைக்காரன் சொன்னபடியே வேலை செய்தது
அது ஒன்றுதான்.

ராத்திரி கரண்ட் போனது.
ஃபியூஸ் பார்க்க கலைவாணி அதை எடுத்து வந்து
சுவர் சுவராக அடித்தாள்.
அணை என்றேன்.
"இருட்டுல என்ன தெரியும் உனக்கு?" என்றாள்.